ஆர்பிஃபோல்டின் வடிவியல்: குரூப்பாய்டு ஏன் தேவைப்படுகிறது?

ஆர்பிஃபோல்டு எது என்பதைச் சொல்லிவிடலாம். ஓர் ஆர்பிஃபோல்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் சார்பு எது என்பதைச் சொல்லும்போதுதான் சிக்கல் எழுகிறது. குரூப்பாய்டு அணுகுமுறையைப் பழைய வரையறையின் நவீன மறுபதிப்பாகவே பலர் கருதுகிறார்கள். அது சரியன்று. பழைய வரையறை விடைசொல்ல முடியாத கேள்விகளுக்குக் குரூப்பாய்டு விடை சொல்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1956இல் இச்சிரோ சதாகே இவ்வெளிகளை வி-பன்மடிகள் என்ற பெயரில் அறிமுகப்படுத்தினார். பன்மடியில் எந்தப் புள்ளியின் அருகிலும் யூக்ளிடிய வெளியின் ஒரு துண்டு இருக்கும். சதாகேயின் வெளியில், அத்துண்டின்மேல் ஒரு முடிவுறு குலம் செயல்பட, அதன் ஈவு இருக்கும். மறு ஆண்டே காஸ்–பொன்னே தேற்றத்தை அவர் இவ்வெளிகளுக்கு விரிவாக்கினார். 1970களின் பிற்பகுதியில் வில்லியம் தர்ஸ்டன் பிரின்ஸ்டனில் ஆற்றிய விரிவுரைகள் ஆர்பிஃபோல்டை முப்பரிமாண வடிவியலின் அன்றாடக் கருவியாக்கின. காஸ்–பொன்னே போன்ற தேற்றங்கள் ஒரே வெளிக்குள் நடப்பவை. அதனால் சார்பின் வரையறையில் இருந்த குறை அவற்றைத் தொடவில்லை.

குறை எங்கே என்பதை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். தளத்தை ஆதிப்புள்ளியைச் சுற்றி 180 பாகை சுழற்றுவோம். இச்சுழற்சியால் ஒன்றாகும் புள்ளிகளை இணைத்தால் ஒரு கூம்பு கிடைக்கும். நிலைத்திருப்பது ஆதிப்புள்ளி மட்டுமே. ஆகவே நிலைத்த புள்ளிகளின் பரிமாணம் வெளியினுடையதைவிடக் குறைந்தது இரண்டு குறைவாக இருக்க வேண்டும் என்று சதாகே விதித்த கட்டுப்பாட்டுக்கும் இது உட்பட்டது. இனி ஒரு வட்டத்தில் 'வ' என்ற புள்ளியை எடுப்போம். 'ச' என்பது வட்டத்தின்மேல் எத்தனை முறையும் வகையிடத்தக்க சார்பு. அது வ-வில் மட்டும் பூச்சியம், மற்றெங்கும் மிகை. வ-வில் அதன் எல்லா வகைக்கெழுக்களும் பூச்சியம். வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியையும் (ச, 0) என்ற தளப்புள்ளிக்கும், அங்கிருந்து கூம்புக்கும் அனுப்புவோம். இது வட்டத்திலிருந்து கூம்புக்குச் செல்லும் ஒரு தொடர்ச்சியான சார்பு.

இச்சார்பைத் தளத்துக்கு உயர்த்த இரு வழிகள் உள்ளன. முதல் வழியில் எங்கும் (ச, 0) என்றே எடுக்கலாம். இரண்டாம் வழியில் வ-வைக் கடக்கும்போது குறியை மாற்றி (−ச, 0) என்று தொடரலாம்; வகைக்கெழுக்கள் யாவும் அங்கே பூச்சியமாதலால் எந்த முறிவும் தெரியாது. கூம்பின்மேல் விழும் பிம்பம் இரண்டிலும் அச்சொட்டாக ஒன்றே. ஆனால் சுழற்சியால் குறி மாறும் கோட்டுக் கற்றை ஒன்றைக் கூம்பின்மேல் வைத்து, அதை வட்டத்துக்கு இழுத்துப் பாருங்கள். முதல் வழியில் உருளை கிடைக்கிறது. இரண்டாம் வழியில், வட்டத்தை ஒருமுறை சுற்றி வருவதற்குள் குறி மாறிவிடுவதால், மோபியஸ் பட்டை கிடைக்கிறது. அடிநிலைச் சார்பும் 'உள்ளூரில் உயர்த்த முடியும்' என்ற உறுதியும் மட்டும் கையில் இருந்தால், இழுகற்றை எது என்றே தீர்மானிக்க முடியாது. கற்றைகளை இழுக்க இயலாத வடிவியலில் சிறப்பு வகுப்புகளைச் சார்புகளின் வழியே கடத்துவதைப் பற்றிப் பேச வழியில்லை. ஆர்பிஃபோல்டுகளுக்கு குரோமோவ்–விட்டன் கோட்பாட்டை அமைத்த வெய்மின் சென்னும் யோங்பின் ருவானும் 'நல்ல சார்பு' என்று தனியே ஒரு வகையை வரையறுக்க நேர்ந்தது இதனால்தான்.

குரூப்பாய்டு இத்தகவலைத் தொடக்கத்திலேயே ஏந்திக்கொள்கிறது. அதில் இரண்டு பன்மடிகள் உண்டு: ஒன்று புள்ளிகளுடையது, மற்றது அம்புகளுடையது. ஒவ்வோர் அம்புக்கும் ஒரு புறப்பாடும் ஒரு சேரிடமும் உண்டு. அம்புகளைத் தொடுக்கலாம், திருப்பலாம். புறப்பாட்டையும் சேரிடத்தையும் தரும் சார்புகள் உள்ளூரில் வகையீட்டு உருவொப்புமைகளாகவும், அவ்விரண்டும் சேர்ந்த சோடி முறையான சார்பாகவும் இருந்தால், ஒவ்வொரு புள்ளியிலும் தொடங்கி அங்கேயே முடியும் அம்புகள் ஒரு முடிவுறு குலமாகும். ஆர்பிஃபோல்டுகளை இவ்வகைக் குரூப்பாய்டுகளாகக் காணலாம் என்பதை ஆந்த்ரே ஹேஃப்லிகரின் வழியைத் தொடர்ந்து 1997இல் ஈக்கே மூர்டைக்கும் டோரெட் ப்ராங்கும் நிறுவினர். மேற்சொன்ன கூம்புக்குச் செல்லும் சார்பு என்பது இப்போது வட்டத்தின்மேல் ஓர் இரட்டை உறையும், அதிலிருந்து தளத்துக்குச் செல்லும், குறிமாற்றத்தை மதிக்கும் ஒரு சார்பும் சேர்ந்தது. வட்டத்துக்கு இரட்டை உறைகள் இரண்டே: இரு தனி வட்டங்கள், அல்லது இருமுறை சுற்றும் ஒரே வட்டம். முன்பு ஒன்றாய்த் தெரிந்தவை இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஒரே ஆர்பிஃபோல்டைப் பல குரூப்பாய்டுகள் குறிக்கும். மொரீட்டா சமானத்தால் அவற்றை ஒன்றாக்க வேண்டும். அப்போது சார்புகளின் உருவொப்பு வகுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டால் உள்ளூர்த் துண்டுகளிலிருந்து முழுச் சார்பை ஒட்டியெடுப்பது உடைகிறது என்பதை யூஜின் லெர்மன் 2010இல் எடுத்துக்காட்டினார். மேற்கண்ட இரண்டு உறைகளும் வட்டத்தின் எந்தச் சிறு வில்லிலும் ஒன்றே, முழுவட்டத்தில் வெவ்வேறு. லெர்மனின் கண்டனம் சரியானது. ஆனால் அது குரூப்பாய்டைத் தள்ளச் சொல்லவில்லை. சார்புகளுக்கு இடையிலான உருவொப்புகளையும் தூக்கி எறியாமல் வைத்திருக்கச் சொல்கிறது. அவ்வாறு வைத்திருந்தால், கணக்குப் போட விரும்புபவருக்கு குரூப்பாய்டே, இவ்வுருவொப்புகளைத் தன் வரையறையிலேயே ஏந்தும் ஸ்டாக் என்ற அமைப்பைவிடக் கைக்கு அடக்கமானது என்பது என் கருத்து.

இன்னொரு கேள்வி, எல்லாப் புள்ளிகளையும் அசைக்காமல் விடும் குல உறுப்புகளைப் பற்றியது; பழைய மரபு அவற்றை விலக்குகிறது, குரூப்பாய்டு ஏற்கிறது. மேல் அரைத்தளத்தில் முழு எண் உறுப்புகளும் அணிக்கோவை 1உம் கொண்ட 2×2 அணிகளின் குலம் செயல்படுகிறது. அதன் ஈவு இடத்தியல்படி ஒரு தளம். அதில் இரண்டு சிறப்புப் புள்ளிகள். −1 அணி எதையும் அசைப்பதில்லை. பழைய மரபுப்படி அதை நீக்கினால், சிறப்புப் புள்ளிகளின் குலங்களுக்கு 2, 3 உறுப்புகள்; ஒவ்வொரு பகுதியையும் அதன் குல உறுப்புகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கூட்டினால் (இரு புள்ளிகள் நீங்கிய தளத்துக்கு −1), ஆய்லர் சிறப்பெண் −1 + 1/2 + 1/3 = −1/6. நீக்காமல் வைத்தால் பொதுப்புள்ளிக்கும் 2 உறுப்புகள், சிறப்புப் புள்ளிகளுக்கு 4, 6; விடை −1/2 + 1/4 + 1/6 = −1/12. இவ்வெளி எலிப்டிக் வளைவரைகளை வகைப்படுத்துவது. எந்த எலிப்டிக் வளைவரைக்கும் −1 என்ற சமச்சீர் உண்டு. ஆகவே வளைவரைகளை உண்மையில் எண்ணுவது இரண்டாம் விடைதான். ரீமன் சீட்டா சார்பு −1இல் பெறும் மதிப்பும் இதே −1/12. இது தற்செயலன்று: குறியிட்ட ஒரு புள்ளியுடைய வளைவரைகளின் வெளிகளுக்கு ஆய்லர் சிறப்பெண்ணைச் சீட்டா மதிப்புகளாகக் கணித்த ஹேரர்–ட்ஸாகியர் வாய்ப்பாட்டின் முதல் நிலை இது.

அசையா உறுப்புகளை விலக்கும் நிபந்தனை இன்றும் பல அறிமுக நூல்களில் வசதிக்காகத் தொடர்கிறது. அந்த வசதிக்குக் கொடுக்கும் விலை −1/12 போன்ற எண்கள். இனி ஆர்பிஃபோல்டுக்குப் பாடநூல் எழுதுவோர் அந்நிபந்தனையைக் கைவிட்டு, வெளியின் வரையறையோடு சார்பின் வரையறையையும் முதல் அத்தியாயத்திலேயே தர வேண்டும்.