தேவ்லாலியில் பிறந்த 6174

1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில், மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியிலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியர் 6174 என்ற எண்ணை அவையோர் முன் வைத்தார். அவர் பெயர் த. ரா. கப்ரேக்கர். முதுகலைப் பட்டமோ பல்கலைக்கழகப் பதவியோ அவருக்கு இல்லை. எண்கள் மீது தீராத ஆசை மட்டும் இருந்தது.

அந்த எண்ணில் அப்படி என்ன இருக்கிறது? கோலசிலாங்கூர் வட்டாரத்துப் புக்கிட் பெலிம்பிங் பிள்ளைகளுக்கு மலாயா விடுதலை பெற்ற 1957-ஐ வைத்தே காட்டிவிடலாம். அதன் இலக்கங்களை இறங்கு வரிசையில் அடுக்கினால் 9751, ஏறு வரிசையில் 1579. கழித்தால் 8172. இதையே விடைக்கும் செய்யுங்கள்: 8721-இல் 1278 போக 7443. அடுத்து 3996, 6264, 4176. ஆறாவது கழித்தலில் 6174. அதற்குப் பிறகு எத்தனை முறை செய்தாலும் 7641-இல் 1467 போக மீண்டும் 6174தான்.

நான்கும் ஒரே இலக்கமாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணும் ஏழு கழித்தலுக்குள் இங்கே வந்து சேரும். விடை மூன்று இலக்கமாகக் குறைந்தால் முன்னால் ஒரு சுழியம் போட்டுக்கொள்ள வேண்டும். இதில் மாயம் இல்லை. இலக்கங்களை இடம் மாற்றினாலும் ஒன்பதால் வகுக்கும்போது வரும் மீதி மாறாது. அதனால் விடை எப்போதும் ஒன்பதின் மடங்கு. முதல் கழித்தலிலேயே ஆயிரக்கணக்கான எண்கள் வெறும் 54 விடைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த 54-ஐயும் ஒவ்வொன்றாகச் சோதித்தால், எல்லாமே 6174-இல் போய் முடிவதைப் பார்க்கலாம்.

சென்னையில் அறிமுகமான எண், 1955-இல் நியூயார்க்கின் 'ஸ்கிரிப்டா மேத்தமேட்டிக்கா' இதழில் கட்டுரையானது. ஆனாலும் கப்ரேக்கரின் பெயர் உலகெங்கும் பரவ மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' பத்திகளில் அவரைப் பற்றி எழுதினார். கப்ரேக்கர் அதற்கு 13 ஆண்டுகள் முன்பே ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். இன்று அந்த எண் 'கப்ரேக்கர் மாறிலி' என்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

6174-க்குப் பெரிய உறவினர்களும் உண்டு. 6-க்கு அடுத்து ஒரு 3-ஐயும் 4-க்கு முன் ஒரு 6-ஐயும் நுழைத்தால் 631764. இன்னொரு சோடி நுழைத்தால் 63317664, பிறகு 6333176664. எல்லாமே இந்தக் கழித்தலில் தம்மையே விடையாகத் தருபவை. அறுநூறு கோடியைத் தாண்டும் அந்தப் பத்திலக்க எண்ணையும் 7666643331-இல் 1333466667-ஐக் கழித்துச் சரிபார்க்கலாம்.

இதற்குக் கணினி வேண்டாம், டியூஷன் வேண்டாம். கடன் வாங்கிக் கழிக்கத் தெரிந்தால் போதும். கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, பெற்றோர்களே, பிள்ளைகள் தாங்கள் பிறந்த ஆண்டிலிருந்து இதைத் தொடங்கட்டும். கழித்தலில் கை பழகும். ஒரு பள்ளி ஆசிரியரும் உலகக் கணிதத்துக்குக் கொடை தர முடியும் என்பதும் அவர்கள் மனத்தில் பதியும்.