சான்று சொல்வது யார்?

உசிலம்பட்டி தொடங்கித் தேனி, கம்பம், கூடலூர் வரை 'ரேகைச் சட்டம்' என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. பாட்டன் தந்தைக்குச் சொல்லி, தந்தை மகனுக்குச் சொல்லி, தலைமுறைகள் கடந்தும் ஆறாமல் நிற்கும் வடு அது. குற்றம் செய்தவனைத் தண்டிப்பது சட்டம். குற்றமே செய்யாதவனைக் குலம் கேட்டுத் தண்டித்தது குற்றப் பரம்பரைச் சட்டம். பிரமலைக் கள்ளர் குலத்தில் பிறந்தாலே போதும். பெயர் பதிவேட்டில் ஏறும், விரல் மையில் தோயும், வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 ஆம் நாள் துப்பாக்கி பேசிற்று. ஆடவர் பலர் மாண்டனர். மாயக்காள் என்ற வீரப் பெண்மணியும் மாண்டார்.

இது நாம் அறிந்த வரலாறு. அதே சட்டத்துக்கு மற்றொரு பகுதி இருந்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1871 ஆம் ஆண்டின் 27 ஆவது சட்டம் அது. முதற்பகுதி, குற்றப் பரம்பரையினர் என்று முத்திரை குத்தப்பட்ட குலங்களுக்கு. இரண்டாம் பகுதி, வெள்ளையர் ஆட்சி 'அலிகள்' என்று இழித்துக் குறித்தவர்களுக்கு. வடநாட்டார் இஜ்ராக்கள் என்றும், இன்று நாம் மதிப்போடு திருநங்கையர் என்றும் அழைக்கும் மக்களுக்கு. அவர்கள் பெயரும் பதிவேட்டில் ஏறிற்று. பதிவேட்டில் ஏறியவர் பொது இடத்தில் பெண்ணுடை உடுத்தினால் குற்றம், ஆடினால் குற்றம், இசைத்தால் குற்றம். பிடியாணையின்றிக் கைது செய்யலாம். ஈராண்டு வரை சிறையில் அடைக்கலாம். அவர்கள் பிள்ளையைத் தத்தெடுக்கக் கூடாது. உயில் எழுதவும் கூடாது. வடமேற்கு மாகாணங்களிலும் பஞ்சாபிலும் அயோத்தியிலும் முதலில் பாய்ந்த அச்சட்டத்தை 1911 இல் திருத்தி எழுதியபோது இரண்டாம் பகுதியைக் கைவிட்டனர். முதற்பகுதியைச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினர். வடக்கே திருநங்கையர் தலையிலிருந்து இறங்கிய சட்டம், தெற்கே நம் பாட்டன்மார் தலையில் ஏறிற்று!

சென்னை மாகாணத்தில் 1947 இலும், இந்தியா முழுமையிலும் 1952 இலும் அச்சட்டம் மடிந்தது. ஆனால் அது எழுப்பிய கேள்வி மடிந்ததா? 'நீ யார்?' என்ற கேள்விக்குச் சான்று சொல்பவர் யார்? காவலரா? மருத்துவரா? அதிகாரியா? அல்லது அந்த மனிதரேதானா?

அண்டை நாடுகள் இக்கேள்விக்கு ஆளுக்கொரு விடை அளித்தன. நெடுங்காலம் இந்து அரசு என்று பெயர் பூண்டிருந்த நேபாளத்தில், மன்னராட்சியின் அந்திப்பொழுதில், 2007 டிசம்பர் 21 ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஒருவருடைய பாலினத்துக்கு அவருடைய சொந்த உணர்வே அடிப்படை. பாகிஸ்தான் நாடாளுமன்றம் 2018 இல் சட்டம் இயற்றி, தம்மை எப்பாலினத்தவர் என்று ஒருவர் உணர்கிறாரோ அப்படியே ஆவணத்தில் எழுதுக என்றது. நாடாளுமன்றம் நீட்டிய கையை மதத்தின் பெயர் மடக்கிற்று. அச்சட்டத்தின் உயிரான பிரிவுகள் இஸ்லாத்துக்கு மாறானவை என்று 2023 மே திங்களில் அந்நாட்டு ஷரியத் நீதிமன்றம் தீர்ப்புரைத்தது.

வங்காளதேசம் 2013 நவம்பரில் இஜ்ராக்களைத் தனிப் பாலினமாக ஏற்றது. ஏற்ற கையோடு என்ன நடந்தது? 2015 இல் அரசுப் பணிக்குத் தேர்வான இஜ்ராக்கள் மருத்துவச் சோதனைக்கு அனுப்பப்பட்டனர். உடலைத் துருவிப் பார்த்து 'இவர்கள் ஆண்களே' என்று எழுதி, பெற்ற பணியைப் பறித்தனர். இலங்கையில் 2016 இல் பாலின ஏற்புச் சான்றிதழ் வந்தது; அதைப் பெற மனநல மருத்துவரின் வாயில் வழியே செல்ல வேண்டும் என்றனர்.

நம் நாடு? 2014 ஏப்ரல் 15 ஆம் நாள் உச்சநீதிமன்றம், பாலினத்தைத் தாமே வரையறுத்துக்கொள்வது ஒருவரின் உரிமை, அதற்கு அறுவை மருத்துவம் கேட்பது முறையன்று என்றது. ஐந்தாண்டு கழித்து, 2019 இல் வந்த சட்டமோ மாவட்ட ஆட்சியரின் சான்றிதழைக் கேட்டது. ஆண் என்றோ பெண் என்றோ மாற்றி எழுத அறுவைக்கான மருத்துவச் சான்றையும் கேட்டது. நீதிமன்றம் திறந்த கதவில் நாடாளுமன்றம் காவலாளியை நிறுத்திற்று!

தமிழகம் இதில் பின்தங்கவில்லை. இந்தியாவிலேயே முதன்முதலாகத் திருநங்கையர் நலவாரியம் 2008 இல் இங்கேதான் அமைந்தது. குமுளி மலைக்கு அப்பால் கேரளம் 2015 இல் தனிக் கொள்கையே வகுத்தது. தேனி மாவட்டத்துக்கும் உரிய மதுரை உயர்நீதிமன்றக் கிளை, 2019 ஏப்ரல் 22 இல், பதிவு மறுக்கப்பட்ட ஒரு தூத்துக்குடித் திருமணத்தைப் பதிவு செய்ய ஆணையிட்டது. 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று விளக்கிற்று.

"நமக்கேன் இந்தக் கவலை?" என்று கேட்கும் இளைஞருக்கு ஒரு மனிதரை நினைவூட்டுவோம். திருவிதாங்கூரில் பிறந்து மதுரையில் வழக்குரைத்த ஜார்ஜ் ஜோசப், ரேகைச் சட்டத்தை எதிர்த்துக் கள்ளர் மக்களுக்காகப் போராடினார். அவர் அந்தக் குலத்தவர் அல்லர். அவர் விரலில் மை படியவில்லை. ஆயினும் அம்மக்களின் அவமானத்தைத் தம் அவமானமாகக் கருதினார். மக்களும் 'ரோசாப்பூ துரை' என்று அவரை நெஞ்சில் வைத்தனர்.

தோழர்களே! ரேகை உருட்டப்பட்ட விரல்களின் வழிவந்தவர்கள் நாம். பிறப்பைக் கொண்டு மனிதரை அளக்கும் பதிவேடு எவ்வளவு பொய்யானது என்பதை நூல் படித்தா நாம் அறிய வேண்டும்? நம் பள்ளியில், நம் அலுவலகத்தில், நம் தெருவில் ஒருவர் வந்து "நான் பெண்" என்றோ, "நான் ஆண்" என்றோ, "நான் திருநங்கை" என்றோ சொன்னால், "சான்று எங்கே?" என்று கேட்கும் உரிமை வேறு எவருக்கு இருந்தாலும் நமக்கு இல்லை. அவர் சொல்லே சான்று. அதை ஏற்று எழுதுவோம். ஏற்க மறுக்கும் சட்டத்தைத் திருத்தப் போராடுவோம்.