139: சென்னையில் தென்பட்ட கிருமி

'பேதியிலே போக' என்ற வசவை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அதன் கொடுமை இன்று உறைப்பதில்லை. காலையில் நலமாயிருந்தவர் அந்திக்குள் உடல்நீர் வற்றி மாண்டுபோன காலத்தின் எச்சம் அது. வாந்திபேதியைப் பழங்கதை என்று நாம் எண்ணத் தொடங்கியிருந்த வேளையில், 1992 அக்டோபரில், சென்னையில் ஒரு புதிய காலராக் கிருமி தென்பட்டது. அறிவியல் நூல்களில் நிலைத்துவிட்ட அந்நிகழ்வு நம் நினைவில் ஏனோ தங்கவில்லை.

சற்றுப் பின்னே செல்வோம். 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியைத் தனித்துப் பிரித்தார். காற்புள்ளிபோல் வளைந்த அக்கிருமியின் மேற்பரப்பில் சர்க்கரை மூலக்கூறுகளின் சங்கிலிகள் உண்டு. அவற்றின் அமைப்பை வைத்து ஆய்வாளர்கள் அதனை வகைபிரித்து எண்ணிட்டனர். 1992 வரை பட்டியலில் இருந்தவை 138. அவற்றுள் 'ஓ1' மட்டுமே கொள்ளைநோயாகப் பரவும் என்பது பாடநூல் முடிவு. 1961இல் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் தொடங்கிய ஏழாம் உலகப் பரவலும் ஓ1 வகையின் 'எல் டோர்' பிரிவால் வந்ததே.

சென்னைக் கிருமி அம்முடிவைப் பொய்யாக்கிற்று. நோய்க்குறிகள் அத்தனையும் காலராவினுடையவை. ஆனால் சோதனையில் அது 138 வகைகளுள் எதனோடும் பொருந்தவில்லை. எனவே 'ஓ139' ஆயிற்று. மதுரை, வேலூர், கல்கத்தா எனப் பரவி, 1993இன் தொடக்க மாதங்களில் வங்கதேசத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பீடித்தது; ஏறத்தாழ 1,500 பேர் இறந்தனர். பழைய காலராவுக்குத் தடுப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களையும் அது விட்டுவைக்கவில்லை. எட்டாம் உலகப் பரவல் தொடங்கிவிட்டதோ என்று அறிஞர்கள் அஞ்சினர்.

மரபணுக்களை ஆராய்ந்தபோது உண்மை தெரிந்தது. அது முற்றிலும் புதிய கிருமியன்று, எல் டோரேதான். மேற்பரப்பை உருவாக்கும் மரபணுத் தொகுதியை மட்டும் வேறொரு கிருமியிடமிருந்து பெற்றிருந்தது. உடலின் காவல் அணுக்கள் அடையாளம் காண்பது மேற்பரப்பைத்தான். அது மாறியதும் பழைய பகைவன் புதியவனாகிவிட்டான். பல மருந்துகளை எதிர்த்து நிற்கும் மரபணுத் துணுக்கு ஒன்றும் அதனிடம் இருந்தது. 1994 வாக்கில் ஓ1 மீண்டும் தலையெடுத்தபோது அதுவும் அதே துணுக்கைச் சுமந்து வந்தது. ஓ139 இன்று அரிதாகிவிட்டது, துணுக்கோ நிலைத்துவிட்டது.

பெயர்களின் கதை தனியே சிந்திக்கத்தக்கது. எல் டோர் என்பது சினாய்க் கரையில் ஹஜ் பயணிகளைத் தடுத்து வைத்திருந்த முகாம். 1905இல் அங்கே இறந்த பயணிகளின் உடல்களில் கிருமி கண்டெடுக்கப்பட்டதால் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. சென்னையில் முதலில் அறியப்பட்ட ஓ139க்கோ, வங்காள விரிகுடாவின் கரைகளில் பரவியதால், 'வங்காளம்' என்று பெயர் வந்தது. இப்பெயர்கள் கிருமி எங்கே கண்ணில் பட்டது என்பதைச் சொல்கின்றனவே அன்றி, எப்படிப் பரவியது என்பதைச் சொல்வதில்லை.

பரவும் வழியை 2010இன் ஹைட்டி காட்டிற்று. ஐக்கிய நாடுகளின் அமைதிப்படை முகாமொன்றின் கழிவு ஆற்றில் கலந்தது. நேபாளத்திலிருந்து வந்த கிருமி அந்நாட்டில் சுமார் 10,000 உயிர்களைக் குடித்தது. முதலில் பொறுப்பேற்க மறுத்த ஐ.நா., 2016இல்தான் வருத்தம் தெரிவித்தது. அமைதி காக்க வந்தவர்களோடு நோய் வந்தது; மாண்டவர்கள் ஆற்று நீரைத் தவிர வேறு நீர் இல்லாத ஏழைகள்.

சென்னையிலும் சுலவேசியிலும் ஹைட்டியிலும் கிருமி வெவ்வேறு வேடம் பூண்டது. அது நடந்த வழி ஒன்றே: மலம் கலந்த குடிநீர். வேடத்தை ஆய்வுக்கூடம் கண்டுபிடிக்கும். வழியை அடைப்பது ஊராட்சியின் வேலை, நகராட்சியின் வேலை, நம் வேலை. அது முடியும்வரை அந்த வசவை வெறும் பழஞ்சொல் என்று ஒதுக்கும் உரிமை நமக்கில்லை.