காலங்கடந்த முறைப்பாடு

பாலியல் குற்றத்தைக் குறித்த காலத்துக்குள் முறையிடாவிட்டால் வழக்கே இல்லை என்ற விதி பழையது. கி.மு. 18இல் உரோமச் சக்கரவர்த்தி ஒகஸ்டஸ் கொண்டுவந்த சட்டம் விபசார வழக்குக்கு 5 ஆண்டு எல்லை வைத்தது. பலாத்காரம் செய்தவனுக்கு அந்த எல்லை பொருந்தாது. அது பொது வன்முறை என்று சட்ட அறிஞர் உல்பியன் பின்னர் தெளிவாகவே எழுதினார்.

நமது பிக்ஹில் இதற்குப் பெயர் தகாதும். ஹனபி மத்ஹபில், விபசாரத்துக்குத் தாமதித்து வரும் சாட்சியத்தின் பேரில் ஹத்துத் தண்டனை இல்லை. இமாம் அபூஹனீபா காலத்தை வரையறுக்கவில்லை. மாணவர்களான அபூயூஸுபும் முஹம்மதும் ஒரு மாதம் என்றனர். 12ஆம் நூற்றாண்டில் மர்கீனானீ 'ஹிதாயா'வில் தரும் நியாயம் நுட்பமானது. கண்டவன் சாட்சி சொல்லலாம், மறைத்தும் விடலாம், இரண்டும் நன்மையே. மறைத்தவன் பின்னர் வாய் திறந்தால், தூண்டியது குரோதமோ என்ற சந்தேகம் எழும். தூரத்திலிருந்து வந்தவனின் தாமதத்துக்கு மன்னிப்புண்டு. அவதூறு வழக்குக்கோ எல்லையே இல்லை. அதில் மனிதனின் உரிமை கலந்திருக்கிறது. (நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபு இந்த எல்லையையே ஏற்கவில்லை.)

இங்கெல்லாம் சந்தேகம் விழுவது பார்த்துக்கொண்டிருந்த மூன்றாம் ஆள்மீது. காயப்பட்டவளின் மௌனம் வேறு விடயம்.

இலங்கையின் 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இந்த வேறுபாட்டைக் காணவில்லை. கொலை, இராசத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்கு, விசேட ஏற்பாடு இல்லாதவிடத்து, 456ஆம் பிரிவு 20 ஆண்டு என்றது. அந்த விதிப்படி, பத்து வயதில் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு முப்பதாவது வயதோடு கதவு சாத்தப்பட்டது.

நம்மைப்போல் உரோமன் டச்சுச் சட்டம் வழங்கும் தென்னாபிரிக்காவிலும் 20 ஆண்டு விதி இருந்தது. வல்லுறவுக்கு விலக்கு, ஏனைய பாலியல் குற்றங்களுக்கு இல்லை. சிறுவயதில் நேர்ந்ததைப் பல தசாப்தங்களின் பின் சொல்ல வந்த எட்டுப்பேரின் வழக்கில், 2018இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் இப்பாகுபாட்டைச் செல்லாததாக்கியது.