காய்ச்சலும் பாய்ச்சலும்: பட்டுக்கோட்டை மலேரியாவும் நெல்வயலின் காலநிலைக் கணக்கும்

நெல்வயலில் எப்போதும் நீரைத் தேக்கி வைக்காமல், ஒருமுறை பாய்ச்சி, அது வற்றி மண் காய்ந்த பின் மறுமுறை பாய்ச்சுவதை உழவர்கள் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்பர். மீத்தேன் வளியைக் குறைக்கும் காலநிலை நடவடிக்கையாக இன்று இம்முறை பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் 1940களின் தொடக்கத்திலேயே, தஞ்சை மாவட்டப் பட்டுக்கோட்டை வட்டாரத்தில், மலேரியாக் காய்ச்சலைத் தடுக்கும் வழியாக இது ஆராயப்பட்டது. பாசனம் பற்றிய எந்த முடிவின் வரவு செலவிலும் மக்களின் உடல்நலத்தைச் சேர்க்க வேண்டும் என்பதற்கு இவ்வரலாறு ஒரு சான்றாகும்.

மேட்டூர் அணையும் புதிய பாசனமும்

காவிரி–மேட்டூர் திட்டப் பணிகள் 1925இல் தொடங்கி 1934இல் முடிவுற்றன. சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கிய மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆகும். பழைய டெல்டாவுக்கு நிலையான நீர் கிடைத்ததுடன், புதிதாக வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாயால் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் மேட்டு நிலங்களும் நன்செய் ஆயின. திட்டத்தால் ஏறத்தாழ 3 லட்சம் ஏக்கர் புதிதாகப் பாசனம் பெற்றது.

அக்காலத்தில் பாசனத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியால் எடைபோடப்பட்டன: தண்ணீர்த் தீர்வையாக வரும் வருவாய், போட்ட முதலுக்கு வட்டி கட்டுமா? இக்கணக்கில் நோய்க்கு இடமில்லை.

பட்டுக்கோட்டையில் மலேரியா

கால்வாய் வந்த பின் பட்டுக்கோட்டைப் பகுதியில் மலேரியா பெருகியது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த மருத்துவர் பால் ரசல், 1930களின் பிற்பகுதியில் அங்கு ஆய்வுகள் மேற்கொண்டார். பாசனம் தானாக நோயைத் தருவதில்லை, குறைபாடுள்ள ஒழுங்கற்ற பாசனமே தருகிறது என்பது அவர் 1938இல் முன்வைத்த கருத்து. கரை போட மண் எடுத்த குழிகள், கசிவு நீர், வடிகால் இல்லாத தாழ்வுகள் ஆகியவற்றில் 'அனாபிலிஸ் கூலிசிஃபேசிஸ்' என்னும் கொசு பெருகியது.

ரசலும் அவருடைய குழுவினரும் நெல்வயலையும் ஆராய்ந்தனர். நாற்று நட்ட புதிதில் திறந்த நீர்ப்பரப்பில் இக்கொசு முட்டையிடுகிறது. பயிர் ஏறத்தாழ ஓரடி உயர்ந்து அடர்ந்தபின் அது அங்கு முட்டையிடுவது குறைகிறது. முட்டையிலிருந்து வளர்ந்த கொசுவாக வெளிவர வெப்பமான காலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் தேங்கிய நீர் வேண்டும். இடையே வயலைக் காயவிட்டால் புழுக்கள் மடியும். இந்த அடிப்படையில் விட்டுவிட்டுப் பாய்ச்சும் சோதனை பற்றிய கட்டுரை 1942இல் வெளியாயிற்று.

அதே ஆண்டில் ரசலும் எம். கே. மேனனும் தென்னிந்தியக் கிராமப்புறத்தில் மலேரியாவின் பொருளாதாரப் பாதிப்பு பற்றிய ஆய்வை வெளியிட்டனர். முன்னதாக 1935இல் ஜே. ஏ. சின்டன், மலேரியாவால் இந்தியா முழுமைக்கும் ஏற்படும் செலவை ஆராய்ந்திருந்தார். திட்டக் கணக்கில் விடுபட்ட செலவு, கூலி இழப்பாகவும் மருந்துச் செலவாகவும் உயிரிழப்பாகவும் குடும்பங்களின் தலையில் விழுவதை இத்தகைய ஆய்வுகள் எடுத்துக்காட்டின.

இன்றைய காலநிலைக் கணக்கு

நீர் தேங்கிய மண்ணில் காற்றுப் புகாததால் நுண்ணுயிரிகள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நூறாண்டு அளவில் இது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 27 மடங்கு வெப்பமூட்டும் வளியாகும். ஐ.பி.சி.சி. அமைப்பின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, பருவத்தில் பலமுறை வடியவிட்ட வயலின் மீத்தேன் அளவு, தொடர்ந்து நீர் நின்ற வயலைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு குறைவு.

இக்குறைப்பு பெரும்பாலும் கரிம வரவாக மட்டுமே விலைபேசப்படுகிறது. ஆனால் மீத்தேன், நுரையீரலைக் கெடுக்கும் தரைமட்ட ஓசோன் உருவாகவும் காரணமாகிறது. மீத்தேன் வெளியீட்டில் 10 லட்சம் டன் குறைந்தால் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,430 அகால மரணங்கள் தவிர்க்கப்படும் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2021 மதிப்பீடு கூறுகிறது.

கொசுவின் கணக்கும் உண்டு. 1940களின் மலேரியா இழப்பை இன்றைய டெல்டாவுக்கு அப்படியே பொருத்த முடியாது. அங்கு அந்நோய் இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. எனினும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுக்களும் நெல்வயலில் வளர்பவை. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1955இல் வேலூர்ப் பகுதியில் அறியப்பட்டது. இக்கொசுக்களைக் குறைக்க விட்டுவிட்டுப் பாய்ச்சும் முறை 1990களில் மதுரைப் பகுதியில் மீண்டும் சோதிக்கப்பட்டது.

இருபக்கமும் எழுதுதல்

உடல்நலத்தைக் கணக்கில் சேர்ப்பதென்றால் நன்மையை மட்டும் சேர்ப்பதன்று. வயல் காய்ந்தால் களை மிகும். களை எடுக்கும் வேலை பெரும்பாலும் பெண் தொழிலாளர்களுடையது. அதற்குப் பதிலாகக் களைக்கொல்லி தெளித்தால், அந்த நஞ்சின் பாதிப்பையும் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும். காய்ச்சலும் பாய்ச்சலும் குறுவைக்கு எளிது. வடகிழக்குப் பருவமழையில் நனையும் சம்பாவில், வடிகால் இல்லாத கடைமடை வயலைக் காயவைப்பது கடினம். மேலும், தண்ணீர் வராமல் வயல் காய்வது வேறு. குறித்த நாளில் தண்ணீர் வரும் என்ற உறுதியோடு காயவிடுவது வேறு. அந்த உறுதி தனி உழவரின் கையில் இல்லை. முறைப்பாசனத்தையும் வாய்க்கால் பராமரிப்பையும் பொறுத்தது.

கரிமக் குறைப்பின் பயன் உலகம் முழுதும் பரவி, மெல்லத்தான் தெரியும். கொசு குறைந்தால் அதன் பயன் அவ்வூரிலேயே, அந்தப் பருவத்திலேயே கிடைக்கும். இரண்டையும் ஒரே கணக்கேட்டில் எழுதினால், கரிம வரவின் விலைக்குக் கட்டுபடியாகாது என்று ஒதுக்கப்படும் வடிகால் சீரமைப்பும் செலவுக்கு ஏற்ற பணியாகத் தெரியக்கூடும். 1934இல் விடுபட்ட பத்தி இதுவே.