திண்டுக்கல் மண்ணில் ஒரு சமாதானப் படை

திண்டுக்கல்லுக்கு எத்திசையிலிருந்து வருவோரின் கண்ணிலும் முதலில் படுவது அந்த மொட்டைப் பாறையும் அதன்மேல் நிற்கும் கோட்டையுமேயாகும். 1605-ல் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் எழுப்பிய அக்கோட்டைக்கு, 1755-ல் மைசூர் அரசின் ஃபவுஜ்தாராக ஹைதர் அலீ வந்து சேர்ந்தார். பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு இங்கு படைக்கலச் சாலை அமைத்து, தம் படையை அவர் பழக்கினார். பின்னாளில் ஆங்கிலேயரை நடுங்கவைத்த வலிமைக்கு இவ்வூரிலேயே வித்திடப்பட்டது எனலாம். 1790-ல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சீமையும் அவர்களுக்கே உரியதாயிற்று. பேகம்பூர்ப் பள்ளிவாசல் அக்காலத்தை இன்றும் நினைவூட்டி நிற்கிறது.

இவ்வரலாறு நம்மவர் அனைவரும் அறிந்ததே. ஆனால் அதே திண்டுக்கல்லிலிருந்து மதுரைச் சாலையில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில், சிறுமலையின் அடிவாரத்தில், ஆயுதமேந்தாத ஒரு படையும் பழக்கப்பட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அந்தப் படையின் கதையே இக்கட்டுரையின் பொருளாகும்.

காந்திகிராமத்தின் தோற்றம்

நெசவுக்குப் பெயர்பெற்ற சின்னாளபட்டியின் அருகே 1947 அக்டோபரில் காந்திகிராமம் தோன்றியது. அதனை நிறுவியவர்கள் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவருடைய கணவர் ஜி. இராமச்சந்திரனும் ஆவர். அம்மையார், மதுரையின் பெருந்தொழிலதிபர் டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். இளமையிலேயே கைம்மை எய்தி, மருத்துவம் பயின்றவர். இராமச்சந்திரன், கேரளத்திலிருந்து சாந்திநிகேதனம் சென்று கற்றவர். சாதி வேலியைத் தாண்டி 1940-ல் இவர்கள் மணம் புரிந்துகொண்டது, அந்நாளில் சிறிய செயலன்று. பிணக்குகளைத் தீர்க்கப் புறப்பட்டவர்கள் தம் வீட்டு வாசலிலேயே அதனைத் தொடங்கினார்கள் என்பது கருதத்தக்கது.

1956-ல் இங்கு கிராமிய உயர்கல்வி நிலையம் தொடங்கப்பட்டது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தபோது, இராமச்சந்திரனே முதல் துணைவேந்தரானார். காந்தியச் சிந்தனையும் அமைதி அறிவியலும் அங்கே தனித் துறையாகவே கற்பிக்கப்படலாயின.

சாந்திசேனை

கலவரம் மூண்ட இடத்தில் காவலர் தடியோடு நிற்பதற்குப் பதிலாக, உயிர் கொடுக்கவும் துணிந்த தொண்டர்கள் நிற்கவேண்டும் என்பது காந்தியடிகளின் நெடுநாள் எண்ணம். 1938-ல் அத்தொண்டருக்குரிய தகுதிகளை அவர் வகுத்தெழுதினார். அவற்றுள் முக்கியமானது யாதெனில், தொண்டர் தம் வட்டாரத்து மக்களுக்கு முன்கூட்டியே பணிசெய்து பழகியிருக்கவேண்டும். கலவரத்தின்போது அந்நியராக வந்து இறங்கலாகாது என்பதாம். 1948-ல் அவர் கொலையுண்டதால் அவ்வெண்ணம் அவர் காலத்தில் நிறைவேறவில்லை. 1957-ல் வினோபா அடிகள் சாந்திசேனையை அமைத்தார். சில ஆண்டுகளுக்குள்ளேயே காந்திகிராமத்திலும் இராமச்சந்திரன் மாணவர்களைக்கொண்டு அத்தகைய சேனையொன்றை உருவாக்கினார். பேராசிரியர் ந. இராதாகிருஷ்ணன் அதனை நெடுங்காலம் வழிநடத்தினார்.

பிற கல்லூரிகளில் தேசிய மாணவர் படை துப்பாக்கியோடு அணிவகுத்தது. இங்கேயோ அணிநடை இருந்தது, துப்பாக்கி இல்லை. முதலுதவி, சிரமதானம், கூட்டு வாழ்க்கை முகாம் ஆகியவையே பயிற்சிகள். பல சாதியினரும் பல சமயத்தினரும் ஒரே விடுதியில் தங்கி, ஒரே பந்தியில் உண்டு, வளாகத்தைத் தம் கையாலேயே துப்புரவு செய்தனர். சர்வசமயப் பிரார்த்தனையில் ஒருவர் வேதத்தை மற்றவர் அமைதியாகச் செவிமடுத்தனர். சுற்றுப்புறக் கிராமங்களுக்குச் சென்று தங்கி, அங்குள்ளோரின் குறைகளைக் கேட்டறிவதும் கல்வியின் ஒரு பகுதியாகவே இருந்தது. பிணக்குத் தீர்க்கும் கலையை அவர்கள் கரும்பலகையில் மட்டும் கற்கவில்லை. கிணற்றடியிலும் சமையற்கூடத்திலும் கற்றார்கள்.

உலகம் வந்து சேர்ந்தது

1960 டிசம்பரில் போர் எதிர்ப்பாளர் அனைத்துலகச் சங்கம் தன் மாநாட்டை இக்கிராமத்தில் கூட்டியது. பல நாட்டவரும் சிறுமலை அடிவாரத்தில் அமர்ந்து, அனைத்துலக அளவில் ஓர் அமைதிப் படை வேண்டுமென ஆலோசித்தனர். அதன் பயனாக, 1962 ஜனவரியில் லெபனான் நாட்டின் பிரும்மானாவில் உலக அமைதிப் படை உருவாயிற்று. அதன் தலைவர் மூவருள் ஜெயப்பிரகாஷ் நாராயணும் ஒருவர்.

அதே ஜெயப்பிரகாஷ் நாராயண் 1964-ல் நாகாலாந்து அமைதிக் குழுவில் பணியாற்றினார். அவ்வாண்டு செப்டம்பரில் அங்கு போர்நிறுத்தம் ஏற்பட்டது. அதனைக் காக்க அங்கு சென்று எட்டு ஆண்டுகள் தொண்டாற்றிய தமிழர் டாக்டர் மு. ஆரம். 1980-களில் அவர் காந்திகிராமத்தின் துணைவேந்தராக வந்தபோது, வகுப்பறைக்கு வந்தது ஏட்டறிவு மட்டுமன்று. பகைவர் இருவரிடையே நின்று பழகிய அனுபவமும் வந்தது.

ஒரு கசப்பான உண்மை

இங்கே ஒன்றை மறைத்தலாகாது. நாடெங்கும் பரவிய சாந்திசேனை, 1974-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நலிந்துபோயிற்று. காரணம் வெளிப்பகை அன்று. ஜெயப்பிரகாஷ் நாராயணின் அரசியல் இயக்கத்தை ஆதரிப்பதா, விலகி நிற்பதா என்று சர்வோதயத் தொண்டர்களிடையே எழுந்த பிணக்கேயாகும். ஊராரின் சண்டையைத் தீர்க்கச் சென்றவர்களால் தம் வீட்டுப் பிணக்கைத் தீர்க்க இயலவில்லை. ஆயினும் காந்திகிராமத்துச் சேனை அதன்பின்னரும் நெடுங்காலம் உயிரோடிருந்தது. தலைவர்களை நம்பி நின்றதைவிட, ஆண்டுதோறும் வந்து சேரும் புதிய மாணவரின் கூட்டு வாழ்வில் அது வேர்கொண்டிருந்ததே இதற்குக் காரணமென்று கருதுகிறேன்.

நமக்குரிய பாடம்

அரபு மொழியில் சமாதானத்தை 'ஸுல்ஹு' என்பர். அது 'ஸலாஹ்', அதாவது சீர்மை, என்னும் சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. ஆகவே சண்டையை நிறுத்துவது மட்டும் ஸுல்ஹு ஆகாது. உறவைச் சீராக்குவதே ஸுல்ஹு. நபித்துவத்துக்கு முன் மக்காவில், யமன் நாட்டு வணிகர் ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதி கண்டு, குறைஷிக் குலத்தவர் பலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடி 'ஹில்புல் ஃபுளூல்' என்னும் உடன்படிக்கை செய்தனர். இனி அநீதிக்குள்ளாவோர் எவராயினும் அவர் பக்கம் ஒன்றாக நிற்பதென்று முன்கூட்டியே உறுதிபூண்டனர். இளைஞராயிருந்த அண்ணல் நபி (ஸல்) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். பிற்காலத்திலும் அதனைப் போற்றிப் பேசினார்கள்.

என் வாழ்வில் நேர்ந்ததொன்றைச் சொல்லி முடிக்கிறேன். நான் ஓதிக்கொடுக்கச் சென்ற ஓர் ஊரில், குழாயடியில் தொடங்கிய சச்சரவு இரண்டு தெருக்களின் சமயச் சண்டையாக முற்றியது. நான் முன்சென்று ஸுல்ஹு பற்றிப் பேசினேன். ஒருவரும் செவிகொடுக்கவில்லை. என் பேச்சில் பிழையில்லை; ஆனால் அவ்வூருக்கு நான் வந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. எதிர்த் தெரு வீடுகளில் ஒன்றின் வாசலையும் நான் மிதித்ததில்லை. இறுதியில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்தார். எழுத்தறியாத தாய்மார்களுக்கு இரண்டு தெருக்களிலும் கடிதம் படித்துக் காட்டியவர் அவர். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, வீட்டுக்குப் போகச் சொன்னார். போனார்கள்.

கிதாபுகளில் நான் ஓதியதை அவர் ஓதியிருக்கவில்லை. ஆனால் காந்திகிராமத்தில் கற்பித்தது எதுவோ, அதனை அவர் தம் சைக்கிளிலேயே கற்றிருந்தார். கலவரத்தன்று கூட்டப்படும் சமாதானக் கமிட்டி காலம் கடந்தது. நம் மஹல்லாக்களிலும் மதரஸாக்களிலும் உள்ள இளைஞர், அமைதியான நாட்களிலேயே அடுத்த தெருவாரின் நோயிலும் இழவிலும் திருமணத்திலும் சென்று நின்று பழகட்டும். பயிற்சி இல்லாமல் எந்தப் படையும் எழுந்ததில்லை. சமாதானப் படையும் அவ்வாறே.