திரைப்பிழையும் வரலாற்றுப் பிழையும்

குடும்ப நகைச்சுவைப் படம் பார்த்துச் சிரிப்போர் பலர். அதன் படப்பிடிப்புப் பிழையைக் கண்டு சிரிப்போர் சிலர். முன்காட்சியில் கட்டியிருந்த கைக்கடிகாரம் பின்காட்சியில் மறைவதும், பாதி குடித்த தேநீர் மீண்டும் நிறைந்திருப்பதும் அவர்தம் கண்ணுக்குத் தப்புவதில்லை.

இதற்குக் காரணம் உண்டு. திரைப்படம் பெரும்பாலும் கதையின் வரிசைப்படி எடுக்கப்படுவதில்லை. ஓர் இல்லத்தில் நிகழும் காட்சிகள் ஒருங்கே எடுக்கப்படும். ஒரே உரையாடலின் தொடர்ச்சி வேறொரு நாளில் எடுக்கப்படும். 1979இல் வெளிவந்த 'கோல்மால்' என்னும் இந்திப் படத்தைத் தழுவி, 1981இல் கே. பாலசந்தர் இயக்கிய படம் 'தில்லு முல்லு'. அதன் நாயகன் வேலையைக் காத்துக்கொள்ள மீசையுள்ள சந்திரனாகவும் மீசையற்ற இந்திரனாகவும் நடிக்கிறான். எவ்விடத்தில் மீசை வேண்டும் என்பதை அவனும் மறக்கலாகாது, படமெடுத்தோரும் மறக்கலாகாது!

நகைச்சுவையில் மீசை தவறினால் சிரிப்போடு போய்விடும். வரலாறு தவறினால் அவ்வாறு போகுமா? பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட ரப்பர் மரம், பின்னாளில் பெருகிய ஒரு தொழிலின் தொன்மைச் சின்னம். அத்தொழிலில் பாடுபட்ட தமிழர் விடியலின் குளிர்ச்சியிலேயே பால்மரம் வெட்டினர். வெயில் ஏறினால் மரத்தினுள் அழுத்தம் குறைந்து பால் சுரப்பு தளரும் என்பதே காரணம். வெட்டும் கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து செல்லும். அப்போதுதான் சாய்ந்தோடும் பால்நாளங்கள் மிகுதியாக அறுபடும். ஆயினும் படக்கருவிக்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே விடியற்காலை வேலையை உச்சிவெயிலில் எடுத்துவிடும் ஆசை எளிதில் எழும். வெட்டியறிந்தவர் அப்பிழையை நொடியில் காண்பார். அறியாத தலைமுறையோ அதனையே மெய்யென்று கொள்ளும்.

மலேசியத் தமிழ்த் திரைப்படங்களுள் தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) தோட்ட வாழ்வையும், சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) தோட்டத்தை விட்டு வெளியேறியோரின் வாழ்வையும் கருப்பொருளாக்கின. இன்று பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்டன. அன்று தோட்டத் திடலில் திரை கட்டிக் காட்டிய படங்களைப் பார்த்துச் சிரித்த பால்வெட்டுத் தொழிலாளர்கள், இன்று பாட்டன் பாட்டியராய் முதிர்ந்துள்ளனர்.

ஆசிரியர்கள் மாணவரை அவர்களோடு அமர்த்தித் தோட்டக் காட்சிகளைப் பார்க்கச் செய்தல் வேண்டும். "அப்படி இல்லை, இப்படித்தான்" என்று முதியவர் திருத்தும் ஒவ்வொரு சொல்லும் குறித்துவைக்கத்தக்க வரலாறாகும். பிழை சுட்டுவோர் மறைந்தபின், பிழையே வரலாறாகிவிடும்.